காணவில்லை என்னும் சொல்

இலக்கண வகுப்பிலே ஒரு நாள் எதிர்மறை வினைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘இல்லை’ என்னும் சொல்லை நன்னூலார் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவாக வைத்தார். அவன் இல்லை, அவள் இல்லை, அவை இல்லை, நீ இல்லை, நான் இல்லை என எங்கும் அது செல்லும். ஆணென்றும் பெண்ணென்றும், தன்மையென்றும் முன்னிலையென்றும் வேறுபாடு பாராட்டாத சொல் அது. இதனை விளக்கியபின், ‘வரவில்லை, உண்ணவில்லை, காணவில்லை’ என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், ‘அவனைக் காணவில்லை’ என்ற வாக்கியத்தில் எழுவாய் எது?” என்று வினவினான்.

நல்ல வினா. ‘அவன் வரவில்லை’ என்றால் வராதவன் அவன். ‘அவன் உண்ணவில்லை’ என்றால் உண்ணாதவன் அவன். ஆனால், ‘அவனைக் காணவில்லை’ என்றவிடத்துக் காணாதவன் அவன் அல்லன். அவன் அங்கே செயப்படுபொருள். காணாதவர் நாம். நாமோ வாக்கியத்துள் வெளிப்படாமல் தோன்றா எழுவாயாக ஒளிந்து நிற்கின்றோம். அவன் இருக்கின்றானா இல்லையா என்பதைப் பற்றி அவ்வாக்கியம் ஒன்றும் கூறவில்லை. நம்முடைய கண்ணின் இயலாமையை மட்டுமே கூறுகின்றது.

விடை சொல்லி முடித்தேன்; மணியும் அடித்தது. ஆயினும், அன்று மாலை கல்முனைக் கடற்கரையில் நடந்தபோது அவ்வினா என்னுடனேயே நடந்து வந்தது. இக்கடலிலே காணாமற்போன சிலரை அது நினைவுக்குக் கொண்டுவந்தது. அவர்கள் நம் ஊரார் அல்லர். நம் மொழியினரும் அல்லர். அவர்களைப் பற்றி எழுத எனக்கு என்ன உரிமை என்று அன்பர்கள் கேட்கலாம். கட்டுரையின் முடிவில் அதற்கு விடை கிடைக்குமென எண்ணுகின்றேன்.

மழையில்லாத இடி

என் மூத்தாப்பா கரைவலைத் தண்டயலாக இருந்தவர். நான் சிறுவனாயிருந்த காலத்தில், வாடியின் முன்னே வலை பொத்திக்கொண்டு, தாம் இளமையிற் கேட்ட ஓர் ஓசையைப் பற்றிச் சொல்வார். வானம் வெளுத்திருந்ததாம், கடல் குளம்போலக் கிடந்ததாம். வலையை வளைத்துவிட்டுக் கரையில் நின்று இழுத்துக்கொண்டிருக்கையில் வடக்கேயிருந்து இடி இடித்ததாம். மழையில்லை, மின்னலில்லை, இடி மட்டும் விட்டுவிட்டுக் கேட்டதாம். கயிற்றைப் பிடித்த கைகள் நின்றுவிட்டன என்பார். “என்ன இடி மூத்தாப்பா?” என்று கேட்டால், “வெள்ளைக்காரன்ட கப்பல் தாண்ட இடி” என்று சொல்லிவிட்டு, மீண்டும் வலையைக் கையில் எடுத்துக்கொள்வார்.

அந்நாள் 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. அன்று காலையில் ஜப்பானியக் கடற்படையின் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகத்தை விட்டுத் தெற்கு நோக்கித் தப்பிச் சென்ற ‘ஹேர்மீஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கியாகிய அதில் அன்று ஒரு விமானமேனும் இல்லை. 307 பேர் அதனோடு மாண்டனர். உடன் சென்ற ‘வம்பயர்’ என்னும் ஆஸ்திரேலியக் கப்பலும் அமிழ்ந்தது. நீந்தித் தத்தளித்த பல நூற்றுவரை ‘வீட்டா’ என்னும் மருத்துவக் கப்பல் கரைசேர்த்தது.

ஹேர்மீஸின் கதையைப் பலர் எழுதியிருக்கின்றனர். அக்கப்பல் இன்றும் கடலடியிற் கிடக்கின்றது. மூழ்காளர் சென்று கண்டு வருகின்றனர். ஆகவே அது காணப்பட்ட பொருள். அதே காலைப்பொழுதில், அதே கடலின் மேலே, காணப்படாமற்போனவர் வேறு சிலர் உளர்.

குதிரைப் பந்தயத் திடலிலிருந்து

கொழும்பிலுள்ள குதிரைப் பந்தயத் திடல் அக்காலத்தில் அவசரம் அவசரமாக விமானத்தளமாக மாற்றப்பட்டிருந்தது. பிரித்தானிய விமானப்படையின் 11-ஆம் அணி அங்கே தங்கியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டில் கிரேக்க நாட்டில் போரிட்டுக் களைத்த அணி அது. அவர்களிடம் இருந்தவை ‘பிளென்ஹைம்’ என்னும் இரட்டைப் பொறிக் குண்டுவீச்சு விமானங்கள். ஒவ்வொன்றிலும் மூவர் செல்வர். ஒருவர் விமானத்தை ஓட்டுபவர். ஒருவர் திசையறிந்து வழிசொல்லிக் குண்டையும் எறிபவர். மூன்றாமவர் கம்பியில்லாத் தந்தியையும் பின்புறத் துப்பாக்கியையும் ஒருங்கே கவனிப்பவர்.

ஏப்ரல் 9 காலையில் அத்திடலிலிருந்து 11 விமானங்கள் எழுந்தன. பொறிக்கோளாற்றால் இரண்டு திரும்பின. எஞ்சிய ஒன்பதும் காவல் விமானம் ஒன்றும் துணையின்றிக் கிழக்குக் கடலின்மேற் பறந்தன. எதிரே இருந்தது அட்மிரல் நகுமோவின் படை. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் அதில் இருந்தன. நான்கு மாதங்களுக்கு முன்னர்ப் பேர்ள் துறைமுகத்தை எரித்த படை அதுவே. அன்றுவரை அக்கப்பல்களை அணிவகுத்து வந்து தாக்கிய விமானங்கள் உலகில் இல்லை.

காலை 10 மணிக்குப் பின்னர் அந்த ஒன்பது விமானங்களும் படையைக் கண்டுகொண்டன. தலைமைக் கப்பலாகிய ‘அக்காகி’யைச் சூழக் குண்டுகள் வீழ்ந்து நீர்த்தூண்கள் எழும்வரை, வானத்திலே பகைவர் வந்திருப்பதைக் கப்பலிலிருந்தோர் அறிந்திலர். ஒரு குண்டேனும் கப்பலிற் படவில்லை. அதன்பின் ஜப்பானியச் சண்டை விமானங்கள் சூழ்ந்துகொண்டன. ஐந்து பிளென்ஹைம் விமானங்கள் திரும்பவில்லை. தலைமை தாங்கிச் சென்ற அணித்தலைவர் ஆல்ட் என்பவரும் திரும்பாதவருள் ஒருவர். மற்றை நான்கும் உடலெங்கும் துளைகளோடு திடலுக்கு வந்து சேர்ந்தன.

ஐந்து விமானம், ஒவ்வொன்றிலும் மூவர். கணக்குப் போட்டால் பதினைந்து பேர். ஜப்பானியர் பக்கத்திலும் அன்று சில விமானங்கள் திரும்பவில்லை. கடல் எக்கொடியென்று பார்ப்பதில்லை.

திரும்பியவரும் திரும்பாதவரும்

போர்க்களத்திலே ஒருவர் மாண்டால் ஊருக்குச் சாவுச் செய்தி போகும். அச்செய்தி கொடிது, எனினும் அதற்கு ஒரு முடிவுண்டு. திரும்பாத விமானத்திலிருந்தோர் வீட்டுக்குப் போவதோ வேறொரு தந்தி. ‘காணவில்லை’ என்பதே அதன் சாரம். தந்தியைத் தொடர்ந்து அணியின் தலைவர் கைப்பட ஒரு கடிதம் வரும். பிறகு மௌனம். ஏறக்குறைய ஆறு மாதம் செய்தி இல்லையாயின், அலுவலகத் தேவைகளுக்காக அவர் இறந்தவராகக் கருதப்படுகின்றார் என்று இன்னொரு கடிதம் வரும். ‘இறந்தார்’ என்பதன்று, ‘கருதப்படுகின்றார்’ என்பது. இலக்கணம் கற்றோர் இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவை அறிவர். தாய்மார் இலக்கணம் கல்லாமலே அறிவர்.

அவர்கள் காத்திருந்தது பேதைமை என்று யாரும் சொல்ல முடியாது. இதே கடலின் வரலாறே அதற்குச் சான்று. காலிக்கு அண்மையில் உள்ள கொக்கல வாவியிலிருந்து ‘கற்றலீனா’ என்னும் நீர்விமானங்கள் வேவுபார்க்கப் புறப்பட்டுச் செல்லும். 1942 ஏப்ரல் 4 அன்று கனடா நாட்டவராகிய லெனார்ட் பேர்ச்சல் ஓட்டிச் சென்ற விமானம் ஜப்பானியப் படையைத் தெற்கே கண்டு, செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே வீழ்த்தப்பட்டது. அதிலிருந்தோர் ஒன்பது பேர். கொழும்பிலுள்ளோர் அறிந்ததெல்லாம் பாதியில் அறுந்த செய்தி ஒன்றே. ஆயினும், அறுவர் உயிரோடு சிறைபிடிக்கப்பட்டனர். 1945-இல் போர் முடிந்ததும் பேர்ச்சல் விடுதலை பெற்றுத் திரும்பினார். 2004 வரை வாழ்ந்தார்.

ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 9 காலை 7 மணியளவில், அதே 413-ஆம் அணியைச் சேர்ந்த மற்றொரு கற்றலீனா திருகோணமலைக்குக் கிழக்கே அப்படையைக் கண்டது. ரே தோமஸ் என்பவர் அதனை ஓட்டிச் சென்றார். அவர் அனுப்பிய செய்தியும் பாதியில் அறுந்தது. அவ்விமானத்திலிருந்து ஒருவரும் திரும்பவில்லை.

ஒரே அணி, ஒரே வகை விமானம், ஒரேபோல் அறுந்த இரு செய்திகள். ஒன்றிலிருந்து ஒருவர் அறுபதாண்டு வாழத் திரும்பி வருகின்றார். மற்றொன்றிலிருந்து எவரும் வரவில்லை. தந்தியைக் கையில் வைத்திருந்த தாய்க்கு, தன் மகன் எந்த விமானத்தைப் போன்றதில் இருந்தான் என்பது எவ்வாறு தெரியும்?

போர் முடிந்தபோது பிரித்தானிய விமானப்படையில் இவ்வாறு காணாமற்போனோர் 41,000-க்கு மேல். அவர்களைத் தேடுவதற்கென்றே தனியொரு பிரிவு அமைத்தனர். அப்பிரிவினர் சிற்றூர்களின் இடுகாடுகளையும் வயல்களையும் காடுகளையும் பல ஆண்டுகள் துருவினர். பாதிக்கு மேற்பட்டோருக்குப் பெயருள்ள கல்லறை கிடைத்தது. நிலத்திலே வீழ்ந்தவனை உழுபடை என்றேனும் வெளிக்கொணரும். கடலிலே வீழ்ந்தவனுக்கு அந்த வழியும் இல்லை.

கிராஞ்சிக் குன்றில்

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் நடந்த தமிழாசிரியர் கூட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். ஓய்வு நாளில் நண்பர் ஒருவர் நகரின் வடக்கேயுள்ள கிராஞ்சிப் போர் நினைவிடத்துக்கு அழைத்துச் சென்றார். குன்றின் சரிவிலே வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள்; உச்சியிலே விமானத்தின் இறக்கைபோல் விரிந்த கூரையும், வால்போல் நிமிர்ந்த கோபுரமும் கொண்ட மண்டபம். 1957 மார்ச் 2-ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது அது. கூரையைத் தாங்கும் சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவர்கள் யாவருக்கும் அறியப்பட்ட கல்லறை இல்லை. தென்னாசியாவிலும் கீழ்த்திசையிலும் அவற்றைச் சூழ்ந்த கடல்களிலும் மறைந்த விமானப்படையினர் பெயர்கள் அங்கேதான் உள்ளன. நம் கிழக்குக் கடலின்மேல் மறைந்தோரும் அவர்களுள் அடங்குவர்.

வெயில் சுட்டது. நண்பர் நிழலில் உட்கார்ந்துகொண்டார். நான் விரலால் எழுத்துகளைத் தடவிக்கொண்டே நடந்தேன். பொருளறியாப் பெயர்கள், ஆயினும் ஒவ்வொன்றும் ஒருவன் வீட்டிலே கூப்பிடப்பட்ட பெயர். யாரோ ஒரு எழுத்தர், அணியின் பதிவேட்டிலிருந்து அலுவலகப் பதிவேட்டுக்கும், அதிலிருந்து கல்தச்சன் கையிலுள்ள தாளுக்கும் இப்பெயர்களைப் பெயர்த்தெழுதியிருக்க வேண்டும். ஓரிடத்திலே அவர் சோர்ந்திருந்தால் ஒரு பெயர் விழுந்துபோயிருக்கும். கேட்பதற்கும் ஆள் இராது. அந்த எண்ணம் வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

கல்லும் காத்திருப்பும்

அக்காரணத்தைச் சொல்லுமுன், காணாமற்போனவனை நம் முன்னோர் எவ்வாறு நினைந்தனர் என்பதையும் பார்க்கவேண்டும். தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லுக்கு ஆறு துறை வகுக்கின்றது. கல்லைத் தேடிக் காண்பது முதல், கொணர்ந்து, நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து, வாழ்த்துவது வரை அவை செல்லும். இவ்வாறினுள்ளும் வீரனுடைய உடலைப் பற்றிய பேச்சில்லை. கல்லும் பெயரும் அவன் செயலும் போதும். உடல் கிடைக்காதவனுக்கும் நினைவு உண்டு என்னும் அறிவு நமக்குப் புதிதன்று.

புறநானூற்றிலே காவற்பெண்டு என்னும் புலவர் பாடிய சிறு பாட்டொன்று உண்டு. வீட்டுத் தூணைப் பற்றி நின்று ‘உன் மகன் எங்கே?’ என்று கேட்பவளுக்கு, அவன் இருக்குமிடம் தனக்குத் தெரியாதென்றே தாய் முதலில் விடையிறுக்கின்றாள். வீரத்துக்கு எடுத்துக்காட்டாக அப்பாட்டைப் பல்லாண்டு கற்பித்திருக்கின்றேன். தெரியாது என்று அவள் சொல்வதை நான் நின்று கேட்டதில்லை.

எம் மார்க்கச் சட்ட நூல்களும் இவ்விடத்தைத் தொட்டிருக்கின்றன. காணாமற்போனவனுக்கு அங்கே ‘மஃப்கூத்’ என்று பெயர். அவன் இறந்தவனும் அல்லன். இருப்பவனாக உறுதிப்பட்டவனும் அல்லன். அவன் பொருளை உடனே பங்கிடலாகாது. அவன் மனைவி எத்துணைக் காலம் காத்திருக்கவேண்டும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான்கு ஆண்டு என்ற இமாம் மாலிக் அவர்களின் கருத்து பரவலாக அறியப்பட்டது. இன்று நம் நாட்டுச் சட்டமும், இறந்தார் என்று எழுதாமல் காணவில்லை என்றே எழுதிக் கொடுக்கும் சான்றிதழுக்கு 2016 முதல் இடமளித்துள்ளது. முப்பதாண்டுப் போர் முடிந்த பின்னும் மகனின் படத்தை மடியிலேந்தி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரைக் கண்ட நாட்டுக்கு அச்சட்டம் வேண்டியிருந்தது.

இடாப்பில் விடுபட்ட பெயர்

இனி என் செய்தி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் இக்கரைமேல் ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலை அண்டிய தெருக்களில் வீடுகள் இருந்த இடம் மணல்வெளியாயிற்று. என் வகுப்பு மாணவன் ஒருவனைக் காணவில்லை. அவனுடைய தங்கையின் மையித்துக் கிடைத்தது, அடக்கினோம். அவன் கிடைக்கவில்லை. பள்ளிவாசலில் மறைவான ஜனாஸாத் தொழுகை நடந்தது. நானும் தொழுதேன். அவன் தாய் மட்டும் அதற்கு உடன்பட்டாரல்லர்.

பள்ளிக்கூடம் மீண்டும் திறந்தபோது புத்தாண்டு. தரம் ஒன்பதிலிருந்தோர் தரம் பத்துக்கு ஏறினர். வகுப்பாசிரியனாகிய நான் பழைய வரவு இடாப்பைப் பார்த்துப் புதிய இடாப்பில் பெயர்களை எழுதினேன். அவன் பெயர் வந்தது. பேனா சற்றே நின்றது. பிறகு அடுத்த பெயரை எழுதிவிட்டேன். யாரும் அவ்வாறு செய்யச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. ஒவ்வொரு காலையும் அப்பெயரைக் கூப்பிட்டு, விடை வராத அமைதியைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்கும் வலிமை எனக்கு இருக்கவில்லை. அவ்வளவே.

இரண்டு கிழமை கழித்து அவன் தாய் பள்ளிக்கூட வாயிலில் வந்து நின்றார். “எண்ட மகன்ட பேர இடாப்புல வெட்டிராதீங்க சேர்” என்றார். “சரி” என்றேன். அப்போதே அது இடாப்பில் இல்லை.

கிராஞ்சிக் குன்றிலே என் விரல் நின்றது இதனாலேயே. கடல் கடந்த நாட்டார், எங்கோ வீழ்ந்த தம் பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து பதிவேட்டுக்குச் சுமந்து கல்லிலே ஏற்றிவிட்டனர். நானோ ஒரு மேசையிலிருந்த இரண்டு இடாப்புகளுக்கு இடையில் ஒரு பெயரைக் கைவிட்டேன்.

ஊர் திரும்பிய கிழமையே அத்தாயைத் தேடிச் சென்றேன். இப்போது கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கட்டிய வீட்டுத்திட்டத்தில் இருக்கின்றார். நான் செய்ததைச் சொன்னேன். சற்று நேரம் நிலத்தைப் பார்த்திருந்தார். பிறகு, “தெரியும் சேர். பக்கத்து ஊட்டுப் புள்ள அப்பவே சொன்னான்” என்றார். உள்ளே சென்று தேநீர் கொண்டுவந்து வைத்தார். “நீங்க சரி எண்டு சொன்னதால நான் ஒண்டும் கேக்கல்ல” என்றார். என்னை மன்னித்தாரா என்பது எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. இறந்தோர் பட்டியல் எதிலும் அவன் பெயரை அச்சிட அவர் இன்றுவரை இசைந்ததில்லை. ஆதலால் நானும் அதனை இங்கே எழுதவில்லை.

பழைய இடாப்பைப் பள்ளிக்கூட அலுமாரியில் தேடி எடுத்தேன். என் கையெழுத்திலேயே அப்பெயர் இருக்கின்றது. டிசம்பர் விடுமுறைக்கு முந்திய கடைசி நாள்வரை அவனுக்கு வரவு இடப்பட்டிருக்கின்றது. அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒவ்வொரு தரம் பத்து வகுப்பிலும், ஆண்டின் முதல் நாளில், இடாப்பைக் கூப்பிட்டு முடித்தபின் அப்பெயரையும் ஒருமுறை கூப்பிடுகின்றேன். அவன் யாரென்று பிள்ளைகள் கேட்பார்கள், சொல்வேன். அந்த நாளில் 1942-ஐயும் சொல்வதுண்டு. நம் கடலில் நம்மைப் போலவே பிறர் பிள்ளைகளும் காணாமற்போயினர் என்பதும், அவர்கள் பெயரைக் காத்தவர் உளர் என்பதும் அவர்கள் அறியவேண்டியவை.

அவர்களைப் பற்றி எழுத எனக்கு என்ன உரிமை என்ற வினாவுக்கு இதுவே விடை. அவர்களுடைய பெயர்ச் சுவரின் முன்னே நின்றே என் கடனை அறிந்தேன்.

எழுவாய் எது என்று கேட்ட மாணவனின் விடைத்தாள் பின்னர் என்னிடம் வந்தது. ‘அவனைக் காணவில்லை’ என்பதைத் தோன்றா எழுவாயை வெளிப்படுத்தி எழுதுக என்று கேட்டிருந்தேன். ‘நாங்கள் அவனைக் காணவில்லை’ என்று எழுதியிருந்தான். முழு மதிப்பெண் இட்டேன்.